நடுவில் ஒன்றும் இருக்கக் கூடாது

பாப்பா, தம்பி, இதை இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருத்தர் படித்து இன்னொருத்தருக்குக் கதையாகச் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால் சண்டை வரும். சண்டை வந்ததால்தான் நான் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பீரோவின் அடித்தட்டில் கிடந்த பழைய போனை எடுத்து சார்ஜ் போட்டீர்கள். திரை உடைந்த போன். அது திரும்ப எழுந்திருக்கும் என்று நானே நினைக்கவில்லை. அதில் அந்தப் படம் இருந்தது. ஆஸ்பத்திரியில் நான் சட்டையில்லாமல் ஒரு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். நெஞ்சைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டியிருக்கிறது. துணிக்கு மேலே ஒரு குல்லாய். குல்லாய்க்குக் கீழே சாத்துக்குடி அளவுக்கு ஒரு முகம், மூக்கில் ஒரு குழாய்.

"ஐ, இது நானு!" என்றான் தம்பி.

"நான் எங்க?" என்று கேட்டாய் பாப்பா.

"நீ அம்மாகிட்ட இருந்திருப்பே. நான்தான் அப்பாகிட்ட."

"அப்போ என்ன நீ நெஞ்சுல வச்சுக்கவே இல்லையாப்பா?"

போய் வீட்டுப்பாடம் எழுது என்று சொல்லிவிட்டேன். தம்பி நாக்கைத் துருத்தினான், நீ அவன் முதுகில் ஓர் அடி வைத்தாய், அம்மா இரண்டு பேரையும் திட்டினாள். அதற்குப் பிறகு நீ அதைக் கேட்கவேயில்லை. நீ உன் அம்மா மாதிரி. கேட்டதற்குப் பதில் வரவில்லையென்றால் மறுபடி கேட்க மாட்டாய், ஆனால் மறக்கவும் மாட்டாய்.

நான் ஒன்பதாவது வரைதான் படித்தேன். எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள், உங்கள் டீச்சரிடம் காட்டாதீர்கள்.

நீங்கள் பிறக்க வேண்டிய நேரத்துக்கு ரொம்ப முன்னாடியே பிறந்துவிட்டீர்கள். உங்கள் அம்மா அப்போது ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் பிரிவில் இருந்தாள். ஏழாம் மாதம் கால் இரண்டும் வீங்கிக்கொண்டது, தலைவலி, கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்றாள். பிரஷர் ஏறிவிட்டது. ஆம்பூரில் பார்த்துவிட்டு உடனே வேலூருக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். பள்ளிகொண்டா தாண்டும்போது ஆம்புலன்சில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தையல்ல நாப்பது ஜோடி பாக்கி வச்சிட்டு வந்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அன்றைக்கே ஆபரேஷன் செய்து உங்களை எடுத்தார்கள். பாப்பா முதலில். நாலு நிமிஷம் கழித்துத் தம்பி.

அங்கே உங்களுக்குப் பெயர் கிடையாது. இரட்டை ஒன்று, இரட்டை இரண்டு என்று காலில் பட்டை கட்டியிருந்தார்கள். சிஸ்டர்கள் சுருக்கி ஒன்னு, ரெண்டு என்று கூப்பிட்டார்கள். "ஒன்னு நல்லா பால் குடிக்குது. ரெண்டு சேட்டை பண்றான்." அதுதான் உங்கள் முதல் பெயர்.

ஒன்று ஆயிரத்து அறுநூறு கிராம். இரண்டு ஆயிரத்து இருநூறு. தம்பிக்கு எடை கம்மி என்பது மட்டும் பிரச்சினையில்லை. அவன் மூச்சு விட மறந்துவிடுவான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நன்றாக விட்டுக்கொண்டே இருப்பான், திடீரென்று நின்றுவிடும். மெஷின் கத்தும். சிஸ்டர் ஓடி வந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கையை விட்டு அவன் பாதத்தைச் சுண்டுவார். அப்போது ஞாபகம் வந்து மறுபடி விடுவான். அவர் வருவதற்கு ஒரு நாள் நேரமாகிவிட்டால் என்னாகும் என்பதுதான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, அவனுக்காக நான் மூச்சு விட்டுக்கொண்டிருப்பேன்.

அந்த வார்டில் ஒரு சிஸ்டர். என் வயதுதான் இருக்கும். கணியம்பாடிப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பெட்டிக்குள் கை விடுவதற்கு முன்னால் கையைக் கழுவி, துடைத்து, இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். ஒரு நாளில் எத்தனை தரம் கை விட்டாலும் அத்தனை தரமும். பிறகு புறங்கையால் உங்கள் பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். "வயிறு சூடா இருந்து பாதம் சில்லுனு இருந்தா பேஜாருண்ணா. உடம்பு சூட்டுக்கு அல்லாடுதுன்னு அர்த்தம்."

அதைப் பார்த்த உடனே எனக்கு அவர் மேல் ஒரு நம்பிக்கை வந்தது. டேனரியில் நாங்களும் ஆட்டுத் தோலில் ஈரம் போயிருக்கிறதா என்று புறங்கையால்தான் பார்ப்போம். கையைப் பற்றித் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. டேனரியில் பதம் செய்து வருகிற ஆட்டுத் தோலைத் தரம் பிரிப்பது. அசார்ட்டிங். ஜன்னலோரம் பெரிய மேஜை. தோலை விரித்துப் போட்டு, கழுத்திலிருந்து வால் வரை உள்ளங்கையால் ஒரு தடவு தடவினால் எல்லாம் தெரிந்துவிடும். முள் கீறியது, உண்ணி கடித்தது, கம்பியில் மாட்டியது. ஆடு உயிரோடிருக்கும்போது வாங்கிய கீறல் எத்தனை மருந்தில் ஊறினாலும் போகாது. பார்த்ததும் நீல மெழுகுப் பென்சிலால் எண் போட்டு அந்தந்த அடுக்கில் தள்ளிவிட வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் தடவுவேன். பதினைந்து வருஷமாக அதே வேலை.

ஒன்பதாவது நாள் மத்தியானம் அந்த சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, நாளைக்குக் காலையில ரெண்ட உங்க நெஞ்சுல வைக்கப் போறோம்."

"என் நெஞ்சுலயா? அவங்க அம்மா இருக்காளே சிஸ்டர்."

"அவங்களுக்குப் பிரஷர் இன்னும் எறங்கல. ஒன்ன வச்சுக்கவே கஷ்டப்படறாங்க. ரெண்டுக்கு நீங்கதான். கங்காரு மாதிரி வச்சுக்கணும்."

எனக்குக் கங்காரு என்றால் ஒரு தோல். ஒரு தடவை வெளிநாட்டுக்காரர் ஒருவர் மாதிரிக்கு ஒரு துண்டு கொண்டுவந்திருந்தார், பந்து விளையாடுகிற ஷூவுக்கு. மெல்லிசு, ஆனால் இழுத்தால் கிழியாது. அதைத்தான் சொன்னேன். "தெரியும் சிஸ்டர், நல்ல சரக்கு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சரக்கா? அண்ணா, கங்காரு குட்டிய வயித்துப் பையில வச்சுக்கும் இல்ல, டிவியில பாத்ததில்லையா? அந்த மாதிரி நீங்க நெஞ்சோட கட்டிக்கணும். அவன் மூச்சு விட மறந்துடறான் இல்ல, உங்க மேல இருந்தா நீங்க விடற மூச்சுல அவன் ஏறி எறங்குவான். அது அவனுக்கு ஞாபகப்படுத்திக்கினே இருக்கும். சூடும் கிடைக்கும். எடை ஏறும்."

"நான் என்ன பண்ணணும்?"

"குளிச்சிட்டு வாங்க. நகம் வெட்டிக்கோங்க. பவுடரு, சென்ட்டு எதுவும் வேணாம். சட்டை, பனியன் எல்லாம் கழட்டிடணும். தோலோட தோல் படணும். நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாது."

நான் அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன்.

ஆம்பூருக்குப் பஸ் ஏறியதிலிருந்து அதே யோசனை. தம்பியின் தோலைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். உள்ளே ஓடுகிற நரம்பு வெளியே தெரியும். அப்படி ஒரு தோலை நான் மேஜையில் பார்த்ததில்லை. மயிர் உதிர ஊறப்போடும் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து எடுத்த ஈரத் தோல்கூட அதைவிட முரடு. ஈரத் தோலில் நகம் பட்டாலே தடம் நின்றுவிடும். இவன் மேல் என் நெஞ்சு மயிர் உரசினால்? எனக்கு மயிர் ஜாஸ்தி, உங்களுக்கே தெரியும். தோலும் தோலும் சேர வேண்டுமென்றால் நடுவில் மயிர் எதற்கு? எங்கள் தொழிலில் முதல் வேலையே அதுதானே. மயிர் போன பிறகுதான் மற்றதெல்லாம்.

வீட்டுக்கு வந்ததும் புது பிளேடு வாங்கினேன். குளியலறையில் துணி சோப்பைப் போட்டுத் தேங்காய் நாரால் நெஞ்சைத் தேய்த்தேன், டேனரி வாடை போக வேண்டும் என்று. பிறகு கழுத்துக்குக் கீழே ஆரம்பித்துத் தொப்புள் வரை மழித்தேன். முகம் மழிக்கிற மாதிரி அது சுலபமில்லை. அங்கங்கே வெட்டு விழுந்தது. கண்ணாடியில் பார்த்தபோது சுத்தமாக இருக்கிறது என்றுதான் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது என்றுகூடச் சொல்லலாம். பிள்ளைகளுக்காக அதுவரை நான் செய்த ஒரே காரியம் அது.

மறுநாள் காலை வார்டில் சட்டையைக் கழற்றினேன். சிஸ்டர் கையைத் தேய்த்துக்கொண்டே திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாண்ணா இது?"

"நடுவுல ஒண்ணும் இருக்கக் கூடாதுன்னு சொன்னீங்களே சிஸ்டர்."

"நான் பனியன சொன்னேன்!"

பக்கத்தில் இருந்த இன்னொரு சிஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். இவரும் சிரித்தார். ஆனால் கிட்டே வந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது. ஒரு ராத்திரிக்குள் நெஞ்சு முழுக்கச் சிவந்து பொரிப்பொரியாக இருந்தது. ஏழெட்டு இடத்தில் வெட்டு, நார் தேய்த்த இடத்தில் தோல் உரிந்திருந்தது.

அவர் உள்ளே போய் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டு வந்தார். "ஆகாதுண்ணா. தோல் கிழிஞ்ச இடத்துல கிருமி இருக்கும். உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, அவன் தாங்க மாட்டான். ரெண்டு நாள் ஆறட்டும்."

"ரெண்டு நாளா? அதுவரைக்கும் அவன்?"

அவர் திரும்பி, கட்டிலில் இருந்த உங்கள் அம்மாவைப் பார்த்தார்.

அம்மா பாப்பாவை நெஞ்சில் வைத்துக்கொண்டு சாய்ந்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "உங்கள யாருங்க சுண்ணாம்புத் தொட்டியில போட்டு எடுத்தது?" என்றாள். அவள் பேச்சில் கிண்டல் இருந்தது, முகத்தில் இல்லை. முகம் வீங்கி, உதடு வெளுத்திருந்தது. பிறகு சிஸ்டரிடம் சொன்னாள், "இவள எடுத்துப் பெட்டியில வைங்க சிஸ்டர். அவனக் கொண்டாங்க. மாத்தி மாத்தி வச்சுக்கறேன்."

பாப்பா, இதைத்தான் நான் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இரண்டு நாள் உன்னுடையது. உனக்கு என்று இருந்த நேரத்தில் பாதியை உன்னிடமிருந்து எடுத்துத் தம்பிக்குக் கொடுத்தோம், என் பிளேடால் வந்த வினை. உன்னை எடுத்துப் பெட்டியில் வைத்தபோது நீ அழுதாய். தம்பிக்கு அழத் தெம்பில்லை, உனக்கு இருந்தது. கண்ணாடிக்குள்ளிருந்து சத்தம் மெல்லிசாகத்தான் வரும். உன் வாய் மட்டும் பெரிதாகத் திறந்து மூடுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் இரண்டு பேரையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். சிஸ்டர் முடியாது என்று தலையாட்டினார். தம்பிக்குக் குழாய்கள், அம்மாவுக்குத் தலைசுற்றல், ஒரு பிள்ளையைப் பிடிக்கவே பக்கத்தில் ஆள் வேண்டும்.

நான் ஓரமாக நிற்பதைப் பார்த்துவிட்டு சிஸ்டர் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். தம்பி பெட்டியில் இருக்கிற நேரத்தில் பக்கவாட்டு ஓட்டை வழியாகக் கையை விட்டு அவன் மேல் வைத்துக்கொள்ள வேண்டும். ஓர் உள்ளங்கை தலையில், இன்னொன்று மடங்கிய காலில். கை கழுவி, அவரைப் போலவே தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு விட்டேன். வைத்த உடனே என் கை தன்பாட்டுக்கு நகர்ந்தது. தலையிலிருந்து முதுகு வழியாக ஒரு தடவு. தம்பி இரண்டு கையையும் விரித்துத் துள்ளினான். மெஷின் கத்தியது.

"தடவாதீங்கண்ணா! வைங்க. வச்சா போதும். தடவினா அவனுக்குத் தாங்காது."

சரி என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கை நகர்ந்தது. எனக்கே தெரியாமல் போகிறது. பதினைந்து வருஷமாகத் தடவியே பிழைத்த கை. தோல் கீழே இருந்தால் அதற்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.

"உங்க கைக்கு வேலை செய்யற வியாதிண்ணா," என்றார் சிஸ்டர். "அவன தரம் பாக்கறீங்களா?"

அந்தக் கேள்வி எனக்குச் சுருக்கென்றது. அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் நான் உண்மையிலேயே அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். எங்கே எலும்பு தெரிகிறது, எங்கே தோல் சுருங்கியிருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். இவன் தேறுவானா, மாட்டானா என்று என் கை பார்த்துக்கொண்டிருந்தது.

முழங்கை இரண்டையும் ஓட்டையின் விளிம்பில் அழுத்திக்கொண்டேன், நகர முடியாதபடி. அப்படியே உட்கார்ந்தேன். கை மரத்துப் போகும், எடுத்து உதறிவிட்டு, கழுவி, சூடாக்கி, மறுபடி வைப்பேன். இரண்டாம் நாள் மத்தியானத்துக்குள் என் கைக்குப் புத்தி வந்துவிட்டது. வைத்தால் வைத்தபடி இருந்தது. அப்போதுதான் கைக்குக் கீழே ஒன்று தெரிந்தது. அவன் ஒரு தடவை பெருமூச்சு விட்டு, முதுகைத் தளர்த்தி, என் கைக்குள் சாய்ந்துகொண்டான். தடவிக்கொண்டிருந்தால் அது எனக்குத் தெரிந்திருக்காது.

அன்றைக்குச் சாயங்காலம் உங்கள் அம்மா பாத்ரூமுக்குப் போய்த் திரும்பும்போது தலைசுற்றி விழப் பார்த்தாள். ஆயம்மா பிடித்துக்கொண்டார். பிரஷர் பார்த்துவிட்டு, நாளைக்கு ஒரு பிள்ளையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாளில் தம்பிக்கு எடை ஏறவில்லை. இறங்கவும் இல்லை. "எறங்காம இருக்கறதே பெருசுண்ணா" என்றார் சிஸ்டர். மெஷின் அந்த இரண்டு நாளில் கத்தியது எத்தனை தரம் என்று நான் எண்ணவில்லை. எண்ண பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலை. புண் ஆறியிருந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு சரி என்றார். சட்டையைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். சிஸ்டர் ஒரு பஞ்சுத் துண்டைக் கொடுத்தார்.

"நெஞ்சு மேல இழுத்துப் பாருங்க."

இழுத்தேன். பஞ்சு அங்கங்கே மாட்டிக்கொண்டு நூல் நூலாக நின்றது. மூன்று நாளில் முளைத்த முள்.

"பாத்தீங்களா? முன்னாடி இருந்த முடி மெத்துமெத்துன்னு இருந்திருக்கும். இப்போ ப்ரஷ் மாதிரி ஆக்கி வச்சிருக்கீங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருங்கண்ணா, இன்னும் கொஞ்சம் மேல இழுங்க. இடது பக்கம். காறை எலும்புக்குக் கீழ," என்றார். அங்கே பஞ்சு வழுக்கிக்கொண்டு போனது. அந்த இடத்தில் எனக்கு எப்போதுமே மயிர் கிடையாது. உள்ளங்கை அகலம்தான். "தலைக்கு இது போதும். உடம்புக்கு முள்ளு குத்தாது, அசையாம வச்சுட்டா."

தம்பியைக் கொண்டுவந்தார்கள். குல்லாய், இடுப்பில் துண்டுத் துணி, வேறு ஒன்றும் இல்லை. தவளை மாதிரி காலை மடக்கி, நிமிர்த்தி, முகத்தை ஒரு பக்கம் திருப்பி என் மேல் வைத்தார் சிஸ்டர். துணியால் சுற்றிக் கட்டினார். அவன் இருக்கிறான் என்றே தெரியவில்லை. ஈரமான கைக்குட்டையை மேலே போட்ட மாதிரி இருந்தது. பிறகு மெதுவாகச் சூடு வந்தது. அவன் சூடா, என் சூடா, தெரியவில்லை.

மெஷின் கத்தியது.

நான் பயந்துவிட்டேன். சிஸ்டர் ஓடி வரவில்லை. அவனைப் பார்க்கவுமில்லை. என்னைப் பார்த்தார்.

"அண்ணா, மூச்சு விடுங்க."

"இன்னா சிஸ்டர்?"

"நீங்க! நீங்க மூச்ச நிறுத்தி வச்சிருக்கீங்க. நீங்க விட்டாத்தானே அவனுக்கு ஞாபகம் வரும்?"

அவனைக் கட்டியதிலிருந்து, அசைந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். விட்டேன். நெஞ்சு இறங்கியது, அவனும் இறங்கினான். இழுத்தேன், அவனும் ஏறினான். மெஷின் நின்றது. சிஸ்டர் தூரத்திலிருந்தே கையைக் காட்டினார், அப்படியே போங்க என்கிற மாதிரி.

அன்றைக்கு இரண்டு மணி நேரம். அடுத்த நாள் நாலு. அப்புறம் காலையிலிருந்து சாயங்காலம் வரை. கம்பெனியில் லீவு கேட்டேன், மேஸ்திரி முதலில் சிரித்தார், "பொம்பள வேலைக்கு லீவா?" என்றார், பிறகு கொடுத்தார். ஒவ்வொரு நாளும் சிஸ்டர் ஒரு தாளில் எழுதுவார். உங்கள் இரண்டு பேருக்கும் தனித்தனித் தாள். தேதி, யார் வைத்திருந்தது, எவ்வளவு நேரம், கடைசியில் அவர் கையெழுத்து. தம்பியின் தாளில் அப்பா, அப்பா என்று வரிசையாக இறங்கியது. பாப்பாவின் தாளில் அம்மா, அம்மா. நடுவில் அந்த இரண்டு நாள் மட்டும் நேரம் பாதியாக இருக்கும்.

நான் வைத்துக்கொள்ள ஆரம்பித்த ஐந்தாம் நாள் எடை பார்த்துவிட்டு சிஸ்டர் அங்கிருந்தே சத்தம் போட்டார், "பதினஞ்சு கிராம்!" பதினைந்து கிராம் என்றால் எவ்வளவு? ஒரு கை வறுத்த மல்லாட்டைகூட அதைவிட ஜாஸ்தி இருக்கும். வார்டில் இருந்த மற்ற அம்மாக்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தப் படம் அன்றைக்கு எடுத்ததுதான். என் போனில் சிஸ்டரே எடுத்தார்.

எடுத்துவிட்டுச் சொன்னார், "அண்ணா, ஒன்னையும் ஒரு தடவ வச்சுக்கோங்க. அதையும் எடுக்கறேன்."

நான் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகமிருக்கிறது. "அவ நல்லாதான் இருக்கா சிஸ்டர். இவனுக்குத்தான் வேணும்."

அவர் போனை என் பையில் வைத்துவிட்டுப் போனார். நான் சொன்னது பொய்யில்லை, பாப்பா. நீ நன்றாகத்தான் இருந்தாய். பால் குடித்தாய், எடை ஏறினாய், யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. நல்ல தோல் மேஜையில் வந்தால் நான் ஒரு தடவு தடவி எண் போட்டுத் தள்ளிவிடுவேன். கீறல் விழுந்ததைத்தான் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். உன்னையும் அப்படித்தான் தள்ளிவிட்டேன் என்று அப்போது எனக்குப் படவில்லை. கட்டிலில் அம்மாவின் நெஞ்சிலிருந்து நீ என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாய். அந்த வயதில் பார்வை அவ்வளவு தூரம் வராது என்று சிஸ்டர் சொன்னார். இருந்தாலும் நீ பார்த்த பக்கம் நான் இருந்தேன்.

தம்பி மூச்சு விட மறப்பதை நிறுத்தினான். குழாயை எடுத்தார்கள். அம்மாவின் பிரஷர் இறங்கியது. வீட்டுக்குப் போகலாம் என்று சொன்ன அன்று சிஸ்டரிடம் அந்தத் தாள்களைக் கேட்டேன். "இதையா? எங்களுக்கு ஒரு காப்பி இருக்குது, எடுத்துட்டுப் போங்க," என்றார். உங்கள் இரண்டு பேர் பாதத்தையும் புறங்கையால் கடைசியாக ஒரு தடவை தொட்டுப் பார்த்தார். "சூடா கீது," என்றார். அவ்வளவுதான். அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார், கையைத் தேய்த்துக்கொண்டு.

வீட்டுக்கு வந்த மறுநாள் மத்தியானம். தம்பியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அம்மா அசந்து தூங்கிவிட்டாள். நீ தூளியில் விழித்துக்கொண்டிருந்தாய். அழவில்லை. நான் கை கழுவினேன். தேய்த்துச் சூடாக்கினேன். சட்டையைக் கழற்றி, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, உன்னை எடுத்து என் மேல் வைத்துக்கொண்டேன். முடி வளர்ந்து மெத்தென்று ஆகியிருந்தது. நீ கனமாக இருந்தாய். தம்பிக்குப் பழகிய நெஞ்சுக்கு நீ ஒரு பெரிய ஆள். முட்டி முட்டிப் பால் தேடினாய், கிடைக்கவில்லை என்றதும் என் நெஞ்சில் ஒரு குத்து விட்டாய். பிறகு அந்த இடது பக்கத்து வழுக்கை இடத்தில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாய். என் மூச்சு உனக்குத் தேவைப்படவில்லை. நீ உன் கணக்கில் விட்டாய், நான் என் கணக்கில் விட்டேன். என் கை உன் முதுகில் இருந்தது. அது நகரவில்லை.

கொஞ்ச நேரத்தில் நீ என் மேல் ஒன்றுக்குப் போனாய். துடைத்து, துணி மாற்றி, தூளியில் போட்டேன். நீ விழிக்கவில்லை. அம்மாவும் விழிக்கவில்லை.

நான் அடுப்படிப் பக்கம் போய்த் தரையில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிப் பையிலிருந்து தாள்களை எடுத்தேன். இரட்டை ஒன்று என்று போட்டிருந்த தாளில் அடியில் ஒரு வரி காலியாக இருந்தது. கம்பெனி சட்டைப் பையில் நீல மெழுகுப் பென்சில் கிடந்தது. யார் என்ற கட்டத்தில் அப்பா என்று எழுதினேன். எவ்வளவு நேரம் என்ற கட்டத்தில் அரை மணி என்று எழுதினேன். கையெழுத்துக் கட்டம் சிஸ்டருடையது. அதை அப்படியே விட்டு, தாளை மடித்து வைத்தேன்.